கப்பில் பாதி காற்று

அளவுகளை மாற்றித் தரும் கருவிகள்மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. மைலைக் கிலோமீட்டராக்கவும் ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கவும் நானும் அவற்றைத்தான் நாடுகிறேன். ஆனால் "ஒரு கப் உலர்திராட்சை எத்தனை கிராம்?" என்று கேட்டாலும் அதே வேகத்தில், இம்மியும் தயங்காமல், தசமப் புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம் சேர்த்து விடை சொல்கின்றனவே, அந்தத் துணிச்சல்தான் வெகு நாளாக என்னை உறுத்துகிறது. ஒரு மைலை யார் நடந்தாலும் அது 1.609 கிலோமீட்டர்தான். ஒரு கப் திராட்சையை நான் நிரப்பினால் ஓர் எடை, என் அக்கா நிரப்பினால் வேறோர் எடை. கப் ஒன்றுதான், பொட்டலமும் ஒன்றுதான். கைதான் வேறு.

உறுத்தலை வளர்த்துவிட்டவளும் அக்காதான். மாமாவுக்குச் சர்க்கரை நோய். உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளும்படி மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். காலை உணவில் கொஞ்சம் உலர்திராட்சை போடாவிட்டால் மாமாவுக்கு உண்ட திருப்தி வராது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் வீட்டில் தகராறு. அக்கா என்னைத் தொலைபேசியில் பிடித்தாள். "கால் கப் திராட்சை எத்தனை கிராம்?" என்றாள். "எந்தக் கப் அக்கா? தளர்வாகப் போட்டாயா, அமுக்கினாயா?" என்றேன். "ஒன்று கேட்டால் நீ திருப்பி நாலு கேட்பாய். எண்ணை மட்டும் சொல்." சரி என்று 36 என்றேன். மறுமுனையில் பொட்டலம் சரசரக்கும் ஓசை. "இதில் கால் கப் 40 கிராம் என்று அச்சடித்திருக்கிறது. நீ சொல்வது சரியா, இவர்கள் சொல்வது சரியா?" இரண்டும் சரி என்றேன். அப்படி ஒரு பதிலை யார்தான் ஏற்பார்கள்? ஆனாலும் அதுதான் உண்மை. அதை அவளுக்குப் புரியவைக்கப் போய்த்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஒரே பட்டியலில் இரண்டு எண்கள்

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்துத் தரவுகளில் விதையில்லா உலர்திராட்சைக்குக் கப் கணக்கு இரண்டு விதமாக இருக்கிறது. தளர்வாக நிரப்பிய கப் 145 கிராம். அமுக்கி நிரப்பியது 165 கிராம். இணையத்தில் உலவும் எண்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றாகவோ இரண்டுக்கும் நடுவிலோதான் இருக்கும். எடுத்துப் போடுகிறவர்கள் 'தளர்வாக', 'அமுக்கி' என்ற சொற்களைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் கொண்டுபோகிறார்கள். இடையிலுள்ள 20 கிராமைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது 14 சதவீதம். உலர்திராட்சையில் 100 கிராமுக்குச் சுமார் 79 கிராம் மாவுச்சத்து. எனவே அந்த 20 கிராம் கிட்டத்தட்ட 16 கிராம் மாவுச்சத்து. நீரிழிவு உணவுக் கணக்கில் 15 கிராமைத்தான் ஒரு பங்கு என்று வைக்கிறார்கள். கப்பைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஒரு பங்கு முழுதாக உள்ளே போய்விடுகிறது. அக்காவின் கால் கப்பில் இது 4 கிராமாகச் சுருங்கிவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அச்சப்பட ஒன்றுமில்லை; ஆனால் தசமப் புள்ளி போட்டுப் பேசும் தகுதி அந்த எண்ணுக்குப் போய்விட்டது.

இது கப் எது என்று முடிவான பிறகு வரும் தொல்லை. கப்பே ஒன்றல்ல என்பது தனித் தொல்லை. அமெரிக்கச் சமையல் கப் 236.6 மில்லி. அதே நாட்டில் பொட்டலத்தின் சத்து விவரத்துக்கு 240 மில்லி. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் 250. ஜப்பானில் 200. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டிகூட 15 மில்லி அல்ல, 20 மில்லி. தளர்வாக 145 கிராம் பிடிக்கும் திராட்சை 250 மில்லி கப்பில் 153 கிராம் ஆகும், 200 மில்லி கப்பில் 123 கிராம்தான் வரும். இதை ஒருமுறை பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்பதால் இதைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. அவுன்ஸ் இதைவிட மோசம். எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. பெயர் ஒன்று, அளப்பது வேறு. 'ஒரு கப் என்றால் 8 அவுன்ஸ்' என்று மனப்பாடம் செய்தவர்கள் திராட்சைக்கும் அதையே போட்டு 227 கிராம் நிறுத்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். திராட்சையில் 227 கிராம் என்பது தளர்வாக ஒன்றரைக் கப்புக்கும் மேல்.

கப்பால் அளப்பதை ஒழுங்குபடுத்திய பெருமை பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மருக்கு உண்டு. 1896இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல், கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. மாவுக்கு அது அருமையான யோசனை. கத்தியின் முதுகை விளிம்பில் வைத்து ஒரு வழி வழித்தால் மேல் மாவு கீழே விழும், கப் சமமாகிவிடும். உலர்திராட்சையை அப்படித் தலைதட்டிப் பாருங்கள். கத்தி ஒரு திராட்சையில் தட்டி நிற்கும். அதைத் தள்ளினால் பக்கத்திலிருப்பதும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். வந்த இடத்தில் குழி விழும். குழியை நிரப்பினால் மறுபடியும் மேடு. கடைசியில் விளிம்பில் நாலைந்து திராட்சைகள் பாதி உடல் உள்ளே, பாதி வெளியே என்று உட்கார்ந்திருக்கும். அவை கணக்கில் உண்டா இல்லையா என்று எந்தச் சமையல் குறிப்பும் சொல்வதில்லை. ஒரு திராட்சை ஏறத்தாழ அரைக் கிராம். தளர்வான கால் கப்பில் எழுபது திராட்சை வரும். விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஐந்தை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா என்பதிலேயே 7 சதவீதம் ஆட்டம் காண்கிறது.

காற்றின் பங்கு

பழத்தின் சதைக்கு மட்டும் அடர்த்தி பார்த்தால் உலர்திராட்சை தண்ணீரைவிட நன்றாகவே கனமானது. எடையில் சுமார் 15 சதவீதம்தான் நீர்; மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. ஒரு மில்லிக்குச் சுமார் 1.4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தேனுக்கும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான். அப்படியென்றால் 145 கிராம் திராட்சையின் உண்மையான பருமன் 104 மில்லி. ஆனால் அது அடைத்துக்கொண்டிருப்பதோ 236.6 மில்லி கப்பை. மீதி 130 மில்லிக்கு மேல் வெறும் காற்று. அமுக்கி நிரப்பிய 165 கிராமைப் பார்த்தாலும் 118 மில்லி பழம், ஏறத்தாழ அதே அளவு காற்று. அழுத்தி அழுத்தி நிரப்பியும் பாதிதான் பழம்.

நம்பாதவர்கள் எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். நிரம்பியதாகத் தோன்றும் திராட்சைக் கப்பில் சமையல் எண்ணெயை மெதுவாக ஊற்றினால் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும். விளிம்புக்கு வரும்வரை எவ்வளவு ஊற்றினோமோ, காற்று ஏறக்குறைய அவ்வளவு. தண்ணீர் இதற்கு உதவாது. பழம் அதைக் குடிக்க ஆரம்பித்துவிடும். (ரொட்டியின் பருமனை அளக்கும் ஆய்வகங்களும் தண்ணீரைத் தொடுவதில்லை. கடுகைப் போன்ற பொடி விதைகள் நிரம்பிய பெட்டிக்குள் ரொட்டியை வைத்து, வெளியே தள்ளப்பட்ட விதைகளை அளக்கிறார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு ஏனோ பெரிய மகிழ்ச்சி.)

உருண்டைகளை ஒரு பெட்டியில் எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்பதை 1611இல் வானியலாளர் கெப்ளர் ஊகித்தார். நிரூபணம் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸிடமிருந்து 1998இல்தான் வந்தது. மிக ஒழுங்காக அடுக்கினாலே 74 சதவீதம்தான் நிரம்பும். ஒழுங்கில்லாமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்துக்கு அருகில் நின்றுவிடும். இதில் எனக்குப் பிடித்த பகுதி 2004இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எம் அண்ட் எம் மிட்டாய்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், அப்படித் தட்டையான உருண்டைகளைக் கொட்டினால் 68 சதவீதமும் அதற்கு மேலும் நிரம்புவதைக் காட்டினார்கள். பொருளின் அடர்த்தி இதில் நுழையவே இல்லை. உருவத்தைச் சற்றுத் தட்டினால் போதும், நிரம்பும் அளவு மாறுகிறது. மிட்டாய் வழவழப்பானது, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் தேடிக்கொள்ளும். திராட்சை சுருக்கம் விழுந்தது, பிசுபிசுப்பு உள்ளது. விழுந்த இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு, தன் கீழே ஒரு குகையை விட்டுவைக்கும். அதனால்தான் தளர்வான கப்பில் பழம் 44 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

உருவம் எவ்வளவு பெரிய ஆள் என்பதற்குத் திராட்சையைவிட நல்ல சாட்சி ஆப்பிள். அதே வேளாண்மைத் துறைத் தரவுகளில், கொட்டை நீக்கிய உலர் பிளம் ஒரு கப் 174 கிராம். உலர் ஆப்பிள் வளையம் ஒரு கப் 86 கிராம். கப் ஒன்றே, எடையில் இரண்டு மடங்கு வித்தியாசம். ஆப்பிள் நன்றாகக் காய்ந்து இலேசாகிவிட்டது என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் இரண்டிலும் நீரின் பங்கு ஏறத்தாழ ஒன்றுதான், 31 சதவீதத்தை ஒட்டி. வேறுபாடு காய்ந்த அளவில் இல்லை. பிளம் மெத்தென்றிருப்பதால் மேலே இருப்பதன் பாரத்தில் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஆப்பிள் வளையமோ ஓரம் சுருண்டு, நடுவில் ஓட்டையோடு, ஒன்றையொன்று தள்ளிவைத்துக்கொண்டு நிற்கிறது. பாதி வெட்டிய ஏப்ரிகாட் 130 கிராம், நறுக்கிய பேரீச்சம்பழம் 147, முழு அத்தி 149 என்று மற்றவை இடையில் வருகின்றன. இந்த எண்கள் எல்லாம் பழத்தைப் பற்றிய செய்தி போலத் தோன்றினாலும், பாதிச் செய்தி பழங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பற்றியது.

இரண்டு கப் சேர்ந்து இரண்டு கப் ஆகாதபோது

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவள் அசையவில்லை. "காற்று இருக்கட்டும். தினமும் ஒரே மாதிரி காற்றுதானே இருக்கும்? ஒருமுறை கணக்குப் போட்டால் போதாதா?" என்றாள். நல்ல கேள்வி. உண்மையில் கப் அளவை ஆதரிப்பவர்களின் வலுவான வாதமே இதுதான். ஒரே கை, ஒரே கப், ஒரே பழம் என்றால் பிழையும் ஒரே பிழை. பழகிவிட்ட பிழையால் கெடுதல் இல்லை. எனக்கு உடனே மறுக்கத் தெரியவில்லை. அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கேக்குக்காகப் பழங்களை எடுத்துவைத்தோம். அங்கேதான் என் எண்ணம் திரும்பியது.

முழு அத்தி ஒரு கப், உலர்திராட்சை ஒரு கப். இரண்டையும் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவையில் கொட்டிக் கலக்கச் சொன்னேன். முதலில் அத்தி போயிற்று. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, நடுவில் விரல் நுழையும் சந்துகளோடு, ஒரு கப் கோட்டுக்குச் சற்று மேலேயே நின்றது. பிறகு திராட்சையைக் கொட்டினாள். முதல் பிடித் திராட்சை விழுந்ததும் மட்டம் உயரவே இல்லை. சந்துகளில் வழிந்து மறைந்துவிட்டது. அக்கா குடுவையைத் தூக்கி அடியைப் பார்த்தாள். இன்னும் கொட்டினாள். குடுவையை மேசைமேல் இரண்டு தட்டு தட்டியதும் திராட்சைகள் கீழே இறங்கின, அத்திகள் மேலே மிதந்து வந்தன. கப் காலியாகிவிட்டது. மட்டம் இரண்டு கப் கோட்டைத் தொடவில்லை. பார்த்ததும் தெரியும் அளவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "எங்கே போயிற்று?" என்றாள் அக்கா. எதுவும் எங்கும் போகவில்லை. தராசில் வைத்தோம். அத்தியின் எடை, திராட்சையின் எடை, கூட்டினால் என்ன வர வேண்டுமோ அதுவே வந்தது.

எனக்கு ஆட்டம் கொடுத்தது இதுதான். எடைகளைக் கூட்டலாம். 145ஐயும் 149ஐயும் எந்தக் குடுவையில் எப்படிக் கொட்டினாலும் 294. பருமனை அப்படிக் கூட்ட முடியாது, ஏனென்றால் நாம் கூட்டுவது பழத்தோடு சேர்ந்த காற்றையும்தான். அந்தக் காற்றின் இடத்தில் அடுத்த பழம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டவே முடியாத ஓர் அளவைப் பெருக்கி, வகுத்து, இன்னோர் அளவாக மாற்றுவதற்கு ஒரு நிலையான எண் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே வம்பு. 'கலந்த உலர்பழங்கள் 2 கப்' என்று எழுதும் சமையல் குறிப்பு, தனித்தனியே அளந்து கலந்த இரண்டு கப்பையா, கலந்துவிட்டு அளந்த இரண்டு கப்பையா சொல்கிறது? கலந்துவிட்டு அளந்தால் பழம் கூடுதலாகப் போகும்.

கூட்ட முடியாததை வகுக்கவும் முடியாது என்பது அடுத்து வந்த செய்தி. ஒரு கப் 145 கிராம் என்றால் 16ஆல் வகுத்து மேசைக்கரண்டிக்கு 9 கிராம் என்கிறோம். காகிதத்தில் சரி. ஆனால் பாத்திரத்தின் சுவரை ஒட்டி எப்போதும் பழங்கள் சரியாகப் படியாமல் கூடுதல் இடைவெளி விட்டுப்போகும். சிறிய பாத்திரத்தில் உள்ளிடத்தை நோக்கச் சுவர் அதிகம். அதனால் கால் கப்பை நாலு தடவை தலைதட்டினால் ஒரு கப்புக்கான பழம் வராமல் போகலாம். திராட்சையில் இது கொஞ்சம். முழு அத்தியில் சிரிப்புக்கு இடம். கால் கப்பில் ஆறு மில்லி காலியாக இருந்தாலும் அங்கே நுழைய அரை அத்தி கிடையாது. மேசைக்கரண்டி அளவில் நிலைமை தலைகீழ்: குவியல்தான் ஆட்சி செய்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை உலர்பழத்தில் ஒரு பங்கு என்பது சுமார் 30 கிராம் என்றும், திராட்சையானால் குவித்த ஒரு மேசைக்கரண்டி என்றும் சொல்கிறது. தலைதட்டிய 15 மில்லி கரண்டி 9 கிராம்தான் பிடிக்கும். மீதி 21 கிராமையும் அந்தக் குவியலே சுமக்க வேண்டும்! கரண்டிக்குள் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரண்டிக்கு வெளியே.

நறுக்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேரீச்சம்பழத்தை முழுதாக அளந்து நறுக்குவதும், நறுக்கிவிட்டு அளப்பதும் ஒன்றல்ல. நறுக்கிய துண்டுகள் முழுப் பழம் விட்டுவைத்த சந்துகளுக்குள் போய்விடும். பிசுபிசுப்பான பழமானால் துண்டுகள் ஒட்டிக் கட்டியாகி, அதற்குள் காற்றே இல்லாமல் போகும். அதே பழத்தை மாவில் புரட்டி உதிர்த்தால் மறுபடியும் காற்று வந்து சேரும். எது முன், எது பின் என்று எழுதாத சமையல் குறிப்பில் கப் கணக்கைத் தேடிக் கிராமாக மாற்றுவது வீண் வேலை. எனக்குத் தோன்றும் எளிய வழி எண்ணிக்கை. கொட்டை நீக்கிய மெட்ஜூல் என்ற பெரிய வகைப் பேரீச்சை ஒன்று சுமார் 24 கிராம். ஆறு பழம் நறுக்கினால் ஏறத்தாழ ஒரு கப். அத்தி ஒன்று 8 கிராமுக்குச் சற்று மேல், பிளம் ஒன்று ஒன்பதரை, ஏப்ரிகாட் பாதி ஒன்று மூன்றரை. பெரிய பழங்களுக்குக் கப்பைவிட விரல் நம்பகமான கருவி.

தராசுக்கும் எல்லாம் தெரியாது

இதுவரை படித்தவர்கள் 'ஒரு தராசு வாங்கினால் தீர்ந்தது' என்ற முடிவுக்கு நான் வரப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். பாதித் தூரம் வருகிறேன். சமையலறைத் தராசு இன்று எளிதாகக் கிடைக்கிறது. பாத்திரத்தை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து பழத்தைக் கொட்டினால் வேலை முடிந்தது. கழுவ வேண்டிய கப்பும் மிச்சம். ஆனால் எடைக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது, அது நீர். புதுத் திராட்சையில் நீர் 80 சதவீதம். உலர்த்தி 15 சதவீதத்துக்குக் கொண்டுவர, ஒரு கிலோ உலர்திராட்சைக்கு நாலு கிலோவுக்கும் மேல் பழம் போகிறது. அந்த 15 ஓரளவு நிலையானது. ஏப்ரிகாட்டில் அப்படியில்லை. மெத்தென்று விற்கும் வகையில் நீர் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தோல்போல விறைத்த வகையில் அதைவிடக் குறைவு. 20 சதவீதம் நீர் உள்ள ஏப்ரிகாட் 150 கிராமில் பழத்தின் திடப்பகுதி 120 கிராம். 31 சதவீதம் என்றால் 104 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தராசு இரண்டையும் 150 என்றுதான் காட்டும். ஊறவைத்த பழத்தை வடித்து நிறுப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பழமென்று நினைத்துத் தண்ணீரை நிறுக்கிறார்கள். ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளில் எடை ஊறுவதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்வதே முறை.

இன்னொன்று: கேக்கில் பழம் எப்படிப் பரவ வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வாய்க்கு அகப்பட வேண்டும் என்பதெல்லாம் பருமனின் கேள்விகள். ஆப்பிள் வளையத்துக்குப் பதிலாக அதே எடைக்குப் பிளம் போட்டால், பழம் கண்ணுக்குப் பாதியாகத் தெரியும். அதே கப் அளவுக்குப் போட்டால் எடை இரட்டிப்பாகி மாவு தாங்காது. இரண்டுமே சரிப்படாது, ஒரு பழத்துக்குப் பதில் இன்னொன்று போடும்போது எந்த அட்டவணையும் காப்பாற்றாது, கண் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கேக் விஷயத்தில் நான் தாராளம். திராட்சை 20 கிராம் கூடினால் யாரும் குறைபட்டுக்கொள்ளப்போவதில்லை. மாவிலும் சோடாவிலும் காட்டும் கண்டிப்பை உலர்பழத்தில் காட்டுவது வீம்பு. கண்டிப்பு வேண்டிய இடம் மாமாவின் கிண்ணம்.

கடைசியில் அக்கா செய்தது என் சொற்பொழிவுகளைவிடச் சுருக்கமானது. மேசைக்கரண்டிகளில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினாள். தான் வழக்கமாக அள்ளுவதுபோலவே, குவியலைத் தட்டாமல், திராட்சையை அள்ளி அள்ளித் தராசில் போட்டுப் பார்த்தாள். அந்தக் கரண்டி, அந்தக் கை, அந்தத் திராட்சை: இந்த மூன்றுக்கும் சேர்த்து ஓர் எண் கிடைத்தது. அதைக் கரண்டி வைக்கும் டப்பாவில் எழுதி ஒட்டிவிட்டாள். வேறு யாருக்கும் பயன்படாத எண். அதனாலேயே அவளுக்குச் சரியான எண். நீரிழிவு உணவுப் பட்டியல்களில் உலர்திராட்சைக்கு 15 கிராம் மாவுச்சத்துப் பங்கு என்பது இரண்டு மேசைக்கரண்டி. தலைதட்டிய கரண்டிக்கு அது பொருந்தி வருகிறது: 18 கிராம் பழம், 14 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அக்காவின் குவித்த கரண்டிக்குப் பொருந்தவில்லை. ஒன்றே போதும் என்று தராசு சொல்லிவிட்டது. மாமா அன்று முகம் சுளித்ததாகக் கேள்வி.

இப்போது அவர் வேறு வழிக்குப் போய்விட்டார். கரண்டியும் வேண்டாம், கப்பும் வேண்டாம் என்று திராட்சையை எண்ணிப் போட்டுக்கொள்கிறார். முப்பத்தைந்து. அரைக் கிராம் கணக்கில் அதுவும் அதே 18 கிராமுக்குப் பக்கத்தில்தான் வருகிறது, காற்றைப் பற்றிய கவலை துளியும் இல்லாமல். எனக்கு இதில் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. அக்காவுக்கு அகப்பட்டது. அடுத்த மாதம் வாங்கும் பொட்டலத்தில் மாமா பொறுக்கி எடுத்துவருவது பெரிய திராட்சையாகத்தான் இருக்கும் என்கிறாள்.